கடலில் ஏற்றிய விளக்கு: பந்தம் முதல் எல்.இ.டி. வரை



எங்கள் சாஆ கடலோர ஊர் அன்று. சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிற்கும் லாபிசுக்கும் இடையே, அன்று ரப்பரும் இன்று செம்பனையும் சூழ்ந்த சிற்றூர். கடலைக் காண வேண்டுமாயின் கிழக்கே மெர்சிங்கிற்கோ மேற்கே பத்து பகாட்டிற்கோதான் செல்ல வேண்டும். ஆயினும், வகுப்பில் இரவு நேர உலகப் படம் ஒன்றைக் காட்டியபோது மாணவர்கள் கேட்ட வினா கடலைப் பற்றியதாகவே இருந்தது. தாய்லாந்து வளைகுடாவின் நடுவே பெரும் ஒளிக்கூட்டம் தெரிகிறதே, அங்கே ஊர் உண்டா என்றனர். ஊர் இல்லை. அவை சோத்தோங் எனப்படும் ஊசிக்கணவாயைப் பிடிக்கும் படகுகளின் விளக்குகள். விண்வெளி வீரர்கள் எடுத்த படங்களிலும் அவ்வொளி பச்சை நிறத்தில் தெளிவாகத் தெரியும். கடலில் விளக்கேற்றி மீன் பிடிக்கும் வழக்கத்தின் வரலாறு நீண்டது. அதில் தமிழர்க்கும் பங்குண்டு. மாணவர்க்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

பழந்தமிழ் இலக்கியத்தில் பரதவரின் இரவு வேட்டை பல இடங்களில் பேசப்படுகிறது. புறநானூற்றின் 60ஆம் பாடல், வானத்தில் மின்னும் விண்மீனுக்கு உவமையாக நடுக்கடலில் எரியும் திமிலின் விளக்கைக் காட்டுகிறது. உவமை என்பது கேட்போர் அறிந்த பொருளைக் கொண்டே சொல்லப்படும். ஆகவே, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கரையில் நிற்பவர்க்குக் கடலில் தெரியும் படகு விளக்கு பழகிய காட்சி என்பது உறுதி. அவ்விளக்கு மீனை ஈர்க்க ஏற்றப்பட்டதா, வலையைக் காண ஏற்றப்பட்டதா என்பதைப் பாடல் கூறவில்லை. இவ்விரு பயன்களும் வேறு வேறானவை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இது முதன்மை பெறும்.

ஜப்பானிலும் கிஃபு நகரின் நாகரா ஆற்றில், படகின் முன்புறம் இரும்புக் கூடையில் தீ மூட்டி, நீர்க்காகங்களைக் கொண்டு இரவில் மீன் பிடிக்கும் வழக்கம் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நிலவி வருகிறது.

மீன் ஏன் ஒளியை நாடி வருகிறது? ஒளி நீரில் விழுந்ததும் கண்ணுக்கு எளிதில் தெரியாத மிதவை உயிரிகள் அங்கே கூடுகின்றன. அவற்றைத் தின்ன நெத்திலி போன்ற சிறுமீன்கள் வருகின்றன. சிறுமீனைத் தின்னக் கணவாயும் பெருமீனும் வருகின்றன. கணவாயின் செயல் வியப்பானது. அது வெளிச்சத்தின் நடுவே வந்து நில்லாமல், படகின் நிழல் விழும் இருண்ட விளிம்பில் மறைந்திருந்து, வெளிச்சத்தில் திரியும் இரையின்மேல் பாயும். அதனால்தான் தூண்டிலை ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தில் இறக்குவர். நிறத்திற்கும் காரணம் உண்டு. சிவப்பு ஒளியைக் கடல்நீர் சில மீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சிவிடும். நீலமும் பச்சையும் ஆழம் வரை செல்லும்.

பந்தத்திற்கும் எண்ணெய் விளக்கிற்கும் பின்னர் வந்தது கார்பைட் விளக்கு. 1892இல் கால்சியம் கார்பைடை மலிவாகச் செய்யும் முறை கண்டறியப்பட்டது. அக்கல்லின்மேல் நீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வெளிப்படும். அதனைக் கொளுத்தினால் வெண்ணிற ஒளி கிட்டும். சுரங்கத் தொழிலாளரும் மீனவரும் இதனை விரும்பிப் பயன்படுத்தினர். நம் தோட்டப்புற மக்களுக்கும் இது புதியதன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, இருள் விலகாத நிரைக்குள் பால்மரம் சீவச் சென்றோரின் நெற்றியில் எரிந்ததும் கார்பைட் விளக்கே. அதன் மணத்தை இன்றும் மறவாத முதியோர் நம்மிடையே உள்ளனர். உள்நாட்டில் மரம் சீவிய தமிழரும் கரையோரத்தில் வலை வீசிய மலாய்க்காரரும் சீனரும் ஒரே வகை விளக்கின் ஒளியில் உழைத்த காலம் அது.

அடுத்து வந்த விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அதுதான் பெட்ரோமாக்ஸ். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் என்னும் வேதியியலார் 1885இல் விளக்கு வலைத்திரிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முதல் திரி பச்சை சாயல் கொண்ட, விரும்பத்தகாத ஒளியைத் தந்தது. 1891இல் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு 1 பங்கும் கலந்த திரியை உருவாக்கினார். அவ்வொளி வெண்மையாகவும் வலிமையாகவும் இருந்தது. பெர்லின் நகரின் எரிக் அண்டு கிரேட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர், மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் ஆவியாக்கி இத்திரியை ஒளிரச் செய்யும் விளக்கை உருவாக்கினார். பெட்ரோலியத்தின் முற்பகுதியும் அவருடைய பெயரும் சேர்ந்தே பெட்ரோமாக்ஸ் ஆயிற்று.

திரிக்கு வேண்டிய தோரியம் எங்கிருந்து வந்தது என்பதே நமக்குச் சுவையான செய்தி. தோரியம் மோனசைட் என்னும் மணலில் உள்ளது. தொடக்கத்தில் அம்மணல் அமெரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். கயிற்றில் ஒட்டிய மணலைத் தட்டி எறியாமல் உற்று நோக்கிய அக்கண்களை என்னென்பது! ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போரின்போது அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அன்று திருவிதாங்கூரில் இருந்த அவ்வூர், 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. மணல் ஆலை இன்றும் இயங்குகிறது.

மணவாளக்குறிச்சியைச் சூழ்ந்திருப்பவை மீனவ ஊர்கள். அவர்களின் கடற்கரை மணலிலிருந்து எடுக்கப்பட்ட தோரியம் கப்பலேறி, உலகின் விளக்குத் திரிகளில் எரிந்தது. அவ்விளக்குகளுள் பல மீண்டும் கடலுக்கே சென்றன. (தோரியம் கதிரியக்கம் உடையது. ஆதலால் பிற்காலத் திரிகளில் இட்ரியம் முதலியவை பயன்படுத்தப்பட்டன.)

நம் நாட்டிலும் இவ்விளக்கு கடற்றொழிலில் நெடுங்காலம் புழங்கியது. ஜொகூரின் கூக்கூப் முதலிய இடங்களில் கடலில் கழிகளை நட்டு அமைக்கும் கேலோங்குகளில், நடு அறையின் மேல் இரவில் இவ்விளக்கைத் தொங்கவிடுவர். நெத்திலியும் பிற சிறுமீன்களும் ஒளிக்குக் கீழே கூடியதும் அடியில் விரித்துள்ள வலையை உயர்த்துவர். திரெங்கானுக் கரையில் 'சண்டாட் சோத்தோங்' எனப்படும் கணவாய்த் தூண்டிலும் விளக்கொளியிலேயே நடைபெறும். பின்னர் மின்னாக்கி படகேறியது. பெரிய கணவாய்ப் படகுகளில் ஒவ்வொன்றும் 2,000 வாட் வரை இழுக்கும் உலோக ஹாலைடு விளக்குகள் வரிசையாகத் தொங்கின. மீனைத் தேடிச் செல்லும் எரிபொருளோடு விளக்கெரிக்கும் எரிபொருளும் பெருஞ்செலவாயிற்று.

அந்நிலையில்தான் எல்.இ.டி. விளக்கு வந்தது. 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். நீல ஒளிக்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா செறிவான நீல எல்.இ.டி.யை வெளியிட்டார். அதிலிருந்தே வெண்ணிற எல்.இ.டி. பிறந்தது. அக்கசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய குண்டுவிளக்கு ஒரு வாட்டிற்கு 15 லூமென் அளவே ஒளி தரும், இன்றைய எல்.இ.டி. 100 லூமெனுக்கு மேல் தருகிறது.

சிறு படகுக்காரருக்கு இதன் பொருள் என்ன என்பதைக் கணக்காகவே காண்போம். 50 வாட் விளக்கு 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத்திற்கு 33 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய மின்கலம் பாதி தீருமுன் விடிந்துவிடும். மின்னாக்கியின் இரைச்சலும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் உப்புக்காற்று செம்புக் கம்பியை விரைவில் அரித்துவிடும். ஆதலின் ஈயம் பூசிய கம்பியும், நீர் புகாத மூடியும், மின்கலத்தின் அருகிலேயே ஃபியூசும் வேண்டும். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகின்றனர். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, படகின் இடப்பக்கச் சிவப்பும் வலப்பக்கப் பச்சையும் பிற வழிவிளக்குகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். வேறெந்த விளக்கும் அவற்றை மறைக்கலாகாது. தளத்தில் பகலைப் போல ஒளி பாய்ச்சிய படகின் திசையை எதிரே வரும் கப்பல் அறிவது அரிது. படகோட்டியின் கண்ணும் கூசும். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும்.

இனி, முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்ன வேறுபாட்டிற்கு வருவோம். தளத்தில் நின்று வலையைப் பிரிப்போர்க்கு ஒளி தரும் விளக்கைப் பற்றி எவர்க்கும் வழக்கில்லை. மீனை ஈர்க்கும் விளக்கைப் பற்றியே வழக்கு. பெட்ரோமாக்ஸ் காலத்தில் முழுநிலவு ஒரு வேலியாக நின்றது. நிலவொளி கடலெங்கும் பரவும்போது விளக்கு எடுபடாது. மீன் ஓரிடத்தில் கூடாது. அந்நாள்களில் படகுகள் கரையில் கிடக்கும், வலைகள் செப்பனிடப்படும். மீனுக்கும் சில நாள் ஓய்வு. வலிமைமிக்க விளக்குகள் அவ்வேலியைத் தாழ்த்திவிட்டன. ஒளியில் கூடிய கூட்டத்தைச் சுருக்குமடி வலை வளைத்தால், இன்னும் முட்டையிடாத குஞ்சுமீன்களும் சேர்ந்தே அகப்படும். அருகில் சிறு வலையுடன் இருப்பவர்க்கு எஞ்சுவது குறைவு.

இந்திய அரசு 2017 நவம்பர் 10ஆம் நாள், தன் தனிப் பொருளாதாரக் கடற்பகுதியில் இழுவை வலை, சுருக்குமடி வலை, செவுள் வலை ஆகியவற்றோடு எல்.இ.டி. போன்ற செயற்கை விளக்குகளை நீரின் மேலோ உள்ளோ பயன்படுத்துவதைத் தடைசெய்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான பகுதி மாநிலங்களின் பொறுப்பு. இலங்கையில் இதனை 'ஒளி பாய்ச்சி மீன் பிடித்தல்' என்பர். 2018 ஆகஸ்டில் முல்லைத்தீவுத் தமிழ் மீனவர்கள் இதற்கும் பிற சட்டவிரோத முறைகளுக்கும் எதிராகத் தெருவில் இறங்கினர். அவர்கள் கேட்டது புதிய உரிமை அன்று. கரையோர மீன் கரையோரத்தார்க்கும் கிட்ட வேண்டும் என்பதே. நம் நாட்டில் 1980களின் தொடக்கத்தில் வகுத்த மண்டல முறை, கரையையொட்டிய கடலைச் சிறு படகுகளுக்கு ஒதுக்கி, பெரிய படகுகளை அப்பால் அனுப்பியது. என் எண்ணத்தில், விளக்கைத் தடுப்பதைவிட இம்முறையே நேரியது. ஆயினும் இரவில் எல்லையைக் காப்பது எளிதன்று.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்சிங்கிற்கு அழைத்துச் செல்வோர், தீவுக்குச் செல்லும் படகிற்காகக் காத்திருக்கும் நேரத்தில் படகுத்துறையைச் சற்று நோக்குங்கள். இரு பக்கமும் நீண்ட கம்புகளில் விளக்குகள் நீரை நோக்கித் தொங்கினால், அது கணவாய்ப் படகாக இருக்கலாம். விளக்குகள் தளத்தை நோக்கியிருந்தால் அவை வேலை செய்வோர்க்கானவை. பிள்ளைகளையே எண்ணி வரச் சொல்லலாம்.

அடுத்த பதிவில் கலங்கரை விளக்கங்களைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன்.