மலைநாடு காத்த ஏடு

கோக்கசு மலைத்தொடரின் தென்சாரலில், ஜோர்ஜியா நாட்டின் வடமேற்கு மூலையில், சுவானெத்தி என்னும் மலைநாடு உளது. மெஸ்தியா என்ற சிறுநகரிலிருந்து உஷ்குலி வரை கால்நடையாகச் செல்வோர்க்கு அது நான்கு நாள் வழி. ஊர்தோறும் வீடுகளை ஒட்டிக் கற்கோபுரங்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை 9 ஆம் நூற்றாண்டுக்கும் 12 ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தவை. மூன்று முதல் ஐந்து தட்டுகள் கொண்ட இவற்றின் சுவர்கள் மேலே செல்லச் செல்ல மெலிந்துவிடும். பகைவர் வருங்கால் குடும்பத்தினர் உள்ளே புகுந்துகொள்வர். பகைவர் என்போர் எப்போதும் அந்நியரல்லர். குடிப்பகையின் பழிதீர்க்க வந்த அயலாரும் அவருள் அடங்குவர்.

இவ்வாறு தம்முட் பொருத மக்களே நாட்டின் பொதுச் செல்வத்தைப் பேணினர் என்பதை நேயர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். சமவெளியிலே படையெடுப்பு நேர்ந்த காலங்களில் கோயிற் படிமங்களும் சுவடிகளும் இம்மலைக்கு அனுப்பப்பட்டன. வழியிடையே உள்ள அதிஷி என்ற சிற்றூரின் பெயரால் வழங்கும் நற்செய்தி ஏடும் இம்மலையிற் காக்கப்பட்டதே. இன்று துருக்கி நாட்டுள் அடங்கும் சத்பெர்தி மடத்தில் 897 இல் தோலில் எழுதப்பெற்றது அது. காலம் குறிக்கப்பெற்ற ஜோர்ஜிய நற்செய்திச் சுவடிகளுள் அதுவே மிகப் பழையது. ஏட்டின் மொழி ஜோர்ஜியம். காத்தவர் வீட்டிற் பேசியதோ அதற்கு இனமான, ஆயினும் வேறான, சுவான் மொழி.

உஷ்குலியின் சாஷாஷிக் குடியிருப்பு 1996 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அதிஷி ஏடு இப்போது மெஸ்தியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆதலால் வழிநடைப் பயணி முதலில் ஏட்டைக் காண்கிறான். அது இருந்த ஊரை வழக்கமாக இரண்டாம் நாள் மாலையிலேதான் அடைகிறான்.