ஸோதரனும் பின்னோதரனும்

ஒரு தந்தைக்கு இரு பத்தினிகளிடம் பிறந்த புத்ரர்களுள் தாயத்தில் முந்துபவன் யாவன் என்னும் விசாரம் பழையது. ஒரே வர்ணத்துப் பத்தினிகளின் புத்ரர்களாயின், தந்தையின் திரவியத்தில் மிதாக்ஷரா மதப்படி அனைவருக்கும் ஸமபாகமே. தாயை இட்டு ஏற்றத்தாழ்வு இல்லை.

பேதம் தோன்றுவது, பாகம் பிரிந்த ஒருவன் புத்ரனின்றி மரிக்கும்போது. மனைவி, பெண்கள், பெற்றோர் ஆகியோர்க்குப் பின் ஸஹோதரர்கள் என்பது யாஜ்ஞவல்க்யர் க்ரமம். அவர்களுள் முந்துபவன் யாவன் என்பதை நிர்ணயித்தவர், எம்பெருமானார் தர்சனம் நிர்வஹித்த காலத்தில், கல்யாணியில் ஆறாம் விக்ரமாதித்யன் (1076–1126) ஆட்சியில் மிதாக்ஷரா இயற்றிய விஜ்ஞாநேச்வரர். ஸோதரன் முதல்வன், அவன் இல்லாதபோது பின்னோதரன். தாயின் சரீர ஸம்பந்தமும் கூடுவதால் ஸோதரனுக்கு ப்ரத்யாஸத்தி மிகும் என்பது ஹேது. தாயபாகம் செய்த ஜீமூதவாஹனருக்கும் முடிவு இதுவே. ஹேது மட்டும் பிண்டதானம். ஸோதரன் இறந்தவனுடைய மாதாமஹ வர்க்கத்திற்கும் பிண்டமிடுகிறான். பின்னோதரன் பித்ரு வர்க்கத்திற்கு மட்டுமே.

ஆயினும் பின்னோதரன் அந்நியனல்லன். ஸோதரனுடைய புத்ரனுக்கும் முன்னே அவனை மிதாக்ஷரா நிறுத்துகிறது. 1956 ஆம் ஆண்டு ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 18 ஆம் பிரிவும், உறவு மற்ற வகையில் ஒத்திருக்கும்போது மட்டுமே முழு இரத்த உறவை முற்படுத்துகிறது. உயில் எழுதாது மரித்தவன் திரவியத்திற்கே இந்த க்ரமம்.

ஸ்ரீபரதாழ்வானும் பெருமாளுக்குப் பின்னோதரனே. தாயின் வரத்தால் கைக்கு வந்த ராஜ்யத்தை, தன்னோடு அதுவும் பெருமாளுக்கே உடைமை என்று அறுதியிட்டு அவன் மறுத்தான். தாயம் பிரிக்க அமரும் குடும்பங்கள் க்ரமத்தோடு இதனையும் நினைப்பது நன்று.