சுற்றுற டயலுக்கு ஒரு புது லைன்

‘அந்த நம்பருக்கு டயல் பண்ணு’ன்னு இன்னைக்கும் சொல்றோம். பேசி முடிச்சதும் ‘சரி, போனை வைக்கிறேன்’னு சொல்றோம். கையில இருக்கிற மொபைல்ல டயலும் கிடையாது, அதை நாம எங்கேயும் வைக்கிறதும் இல்லை. கருவி போயிடுச்சு, அதோட சொற்கள் மட்டும் நம்ம வாயில தங்கிடுச்சு. இந்த எபிசோடு அந்தக் கருவியைப் பற்றியது. ஓட்டையில விரலை விட்டுச் சுற்றுற டயல் போன். அதை இன்னைக்கு மறுபடி பேச வைக்க முடியுமா?

எனக்கு இது வெறும் பழம்பொருள் ஆசை இல்லை. திருத்தணியில இருக்கிற என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோயால பார்வை பெரும்பாலும் போயிடுச்சு. டச் ஸ்கிரீன் அவருக்கு வெறும் கண்ணாடி, எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி. ஆனா டயல்ல எந்த ஓட்டை எந்த எண்ணுன்னு அவர் விரலுக்குத் தெரியும். சொந்தக்காரங்க நம்பர் எல்லாம் மனப்பாடம். ‘யாரையும் நம்பர் போட்டுக் கொடுன்னு கேட்காம நானே பேசணும்டா’ என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

முதல்ல கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில ஆல்மன் ஸ்ட்ரோஜர்னு ஒருத்தர், சவ அடக்கத் தொழில் செய்தவர். போட்டிக்காரரோட மனைவி எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர், தனக்கு வர வேண்டிய அழைப்புகளை அந்தம்மா அங்கே திருப்பி விடுறாங்கன்னு அவருக்குச் சந்தேகம் என்று ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, ஆபரேட்டரே தேவைப்படாத ஒரு தானியங்கி இணைப்பு முறைக்கு அவர் 1891-ல காப்புரிமை வாங்கினது உண்மை. 1892-ல லா போர்ட் என்ற ஊர்ல அந்த எக்ஸ்சேஞ்ச் வேலை செய்ய ஆரம்பிச்சது. அப்போ பொத்தான்களை எண்ணி எண்ணி அழுத்தணும். சுற்றுற டயல் சில வருஷம் கழிச்சுத்தான் வந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். 1882 ஜனவரியில கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணு நகரத்துலயும் எக்ஸ்சேஞ்ச் திறந்தாங்க. எல்லாமே ஆபரேட்டர் கையால இணைக்கிறது. தானியங்கி எக்ஸ்சேஞ்ச் முதல்ல வந்தது சிம்லாவுக்கு, 1913-14-ல. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல பெங்களூர்ல இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், சுருக்கமா ஐ.டி.ஐ., தொடங்குச்சு. பழைய சினிமாவுல வர்ற அந்தக் கனமான கறுப்பு போன் பல பேருக்கு ஐ.டி.ஐ. போன்தான்.

1960-ஐக் கொஞ்சம் கவனிங்க. மொழிவாரி மாநிலம் பிரிஞ்சப்போ திருத்தணி ஆந்திரா பக்கம், சித்தூர் மாவட்டத்துல இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959-ல எல்லை மாற்றச் சட்டம் என்று போய், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தது. அதே வருஷம் நவம்பர்ல, கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவுல இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. சேவை. அதாவது ஆபரேட்டர் உதவி இல்லாம, நீங்களே சுற்றி இன்னொரு ஊர்க்காரரைப் பிடிக்கலாம். மற்ற ஊர்களுக்கு டிரங்க் கால்தான். புக் பண்ணிட்டுக் காத்திருக்கணும். அவசரம்னா ‘அர்ஜென்ட்’, அதுக்கும் மேல ‘லைட்னிங்’, அதுக்கேத்த கட்டணம். இன்னைக்குத் திருத்தணிக்கும் சென்னைக்கும் ஒரே எஸ்.டி.டி. கோடு, 044. போராடி வாங்கின எல்லைக்கு டெலிபோன் போட்ட கையெழுத்து மாதிரி எனக்கு அது தோணும்.

சரி, டயல் எப்படி வேலை செய்யுது? நீங்க சுற்றும்போது ஒண்ணும் நடக்காது. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் டயலைத் திருப்பி இழுக்குது பாருங்க, அப்போதான் வேலை. திரும்பி வரும்போது லைனை விட்டுவிட்டுத் துண்டிக்கும். 3 சுற்றினா மூணு தடவை, 9 சுற்றினா ஒன்பது தடவை, 0-வுக்குப் பத்து தடவை. ஒரு வினாடிக்குப் பத்து துடிப்பு. இந்த வேகம் மாறாம பார்த்துக்க உள்ளே ஒரு கவர்னர் இருக்கு. வேகம் கூடினா அதோட எடைகள் விரிஞ்சு உரசி, வேகத்தைக் குறைச்சிடும். கணக்குப் போட்டுப் பாருங்க: 100-க்கு 21 துடிப்பு, 108-க்கு 19, 112-க்கு வெறும் 4.

பெரியப்பாவுக்குக் கிடைச்சது மூடிப்போன ஒரு லாட்ஜோட பழைய செட். அந்தக் காலத்துல லைனோட கொடுத்த கருவி துறையோட சொத்து, சந்தாதாரருக்குச் சொந்தம் இல்லை. அதனால வீடுகளைவிட இன்டர்காம் வெச்சிருந்த இடங்கள்ல தேடினா பழைய செட் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

முதல் சோதனை, 0-வைச் சுற்றி விடுறது. ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதலா எடுத்துத் திரும்பணும். இந்த செட் நடுவழியில நின்னுடுச்சு. உள்ளே கிரீஸ் காய்ஞ்சு பிசினாகியிருந்தது. கவர்னரைச் சுத்தம் பண்ணி, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். அதுக்கு மேல விட்டா தூசி சேரும். அடுத்தது வாய்ப்பக்கம். உள்ளே கார்பன் துகள் மைக், ஈரத்துல துகள் கட்டிக்கும், குரல் கரகரன்னு போகும். மெல்லத் தட்டினா சில சமயம் சரியாகும், இல்லைன்னா மாத்தணும். மணி அடிக்க சுமார் 75 வோல்ட் ஏ.சி. வரும். லைன் இணைச்சிருக்கும்போது வயர்ல கை வைக்காதீங்க.

பெரிய சிக்கல் செட்டுக்கு வெளியேதான். வீட்டுல ஃபைபர் லைன். அந்தப் பெட்டியில போன் செருக ஓட்டை இருந்துச்சு. ஆனா இப்படிப்பட்ட பல பெட்டிகளுக்கு டோன் மட்டும்தான் புரியும். பட்டனை அழுத்தினா வருமே, அந்த ‘பீப்’. துடிப்பை எண்ணத் தெரியாது. போன் அடிக்கும், பேசலாம், ஆனா நாம கூப்பிட முடியாது. பெரியப்பாவுக்கு வேண்டியது அதுதானே!

ரெண்டு வழி இருந்தது. உள்ளே இருக்கிற எல்லாத்தையும் பிடுங்கிட்டு சிம் போடுற ஜி.எஸ்.எம். போர்டை வைக்கலாம். இல்லைன்னா, துடிப்பை டோனா மாத்துற ஒரு சின்ன சர்க்யூட்டை நடுவுல சேர்க்கலாம். ரெண்டாவதைத்தான் செய்தோம். பழைய உறுப்பு எல்லாம் அப்படியே இருக்கு, நாளைக்கு யாராவது அந்த சர்க்யூட்டைக் கழட்டினா 1970-கள்ல இருந்த மாதிரியே ஆயிடும். என்னைக் கேட்டா, திரும்பப் பழையபடி ஆக்க முடிஞ்சாதான் அது பழுதுபார்ப்பு. முடியலைன்னா அது பழைய டப்பாவுக்குள்ள ஒரு மொபைல்.

ஒரு விஷயத்துல பழசுதான் ஜெயிக்குது. செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலேர்ந்தே 48 வோல்ட் வரும், வீட்டுல கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபர் பெட்டி கரண்ட் போனா செத்துடும். அதனால அதுக்கு ஒரு மினி யு.பி.எஸ். கட்டாயம். இன்னொண்ணு, ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’னு கேட்கிற இடங்கள்ல டயல் சுற்றினா சரியா எடுக்குதான்னு சோதிச்சுப் பாருங்க. ஓ.டி.பி.க்கு இந்த போன் உதவவே உதவாது.

2021 ஜனவரியிலேர்ந்து லேண்ட்லைன்ல இருந்து மொபைலுக்குக் கூப்பிட முன்னாடி 0 சேர்க்கணும். ஆக மொத்தம் பதினொரு தடவை சுற்றணும். பெரியப்பாவுக்கு அது பாரமா இல்லை. போன வாரம் என் நம்பரை அவரே சுற்றிக் கூப்பிட்டார். ‘தப்பாப் போட்டா வெச்சுட்டுத் திரும்பப் போடுவேன், யாரு கேட்கப் போறா?’ என்றார்.

உங்க வீட்டுப் பரண்லயோ, தாத்தா கடையிலயோ இப்படி ஒண்ணு இருந்தா, காய்லான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி 0-வைச் சுற்றி விட்டுப் பாருங்க. டயல் திரும்பி வந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அடுத்த எபிசோடுல சந்திப்போம். இப்போதைக்குப் போனை வைக்கிறேன்.