சக்கர நாற்காலி டென்னிஸ்: இலங்கையும் மன்னார்க் கரையும்

சக்கர நாற்காலி டென்னிஸ் என்பது கால்களில் நிரந்தரக் குறைபாடு உள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்து ஆடும் டென்னிஸ் ஆட்டம். திடல், வலை, மட்டை, பந்து எல்லாம் வழமையான டென்னிஸுக்கு உரியவையே. விதியில் உள்ள முதன்மையான வேறுபாடு, பந்து நிலத்தில் இருமுறை பட்டெழலாம் என்பது. இலங்கையில் இவ்வாட்டம் கொழும்பை மையமாகக் கொண்டு வளர்ந்தது.

தோற்றம்

1976ஆம் ஆண்டு பனிச்சறுக்கு விபத்தில் கால்கள் செயலிழந்த அமெரிக்க இளைஞர் பிராட் பார்க்ஸ், நண்பர் ஜெஃப் மின்னன்பிரேக்கருடன் சேர்ந்து இதை ஆடத் தொடங்கினார். சியோல் பராலிம்பிக்கில் (1988) காட்சி ஆட்டமாக இடம்பெற்று, பார்சிலோனாவில் (1992) பதக்க விளையாட்டானது. கைகளும் பாதிக்கப்பட்டோருக்கான ‘குவாட்’ பிரிவு ஏதென்ஸில் (2004) சேர்க்கப்பட்டது. 1998 முதல் இதன் நிர்வாகம் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்திடம் உள்ளது.

ஆட்டமும் நாற்காலியும்

திடலின் நீளம் 23.77 மீற்றர், அகலம் ஒற்றையருக்கு 8.23, இரட்டையருக்கு 10.97 மீற்றர். பந்து முதலில் படும் இடம் கோட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது முறை வெளியே பட்டாலும் தவறில்லை. மூன்றாவது முறை நிலம் தொடுமுன் திருப்பி அடிக்க வேண்டும். நாற்காலி ஆடுபவரின் உடலாகவே கணக்கிடப்படும். பந்து அதில் பட்டால் புள்ளி எதிராளிக்கு. பாதத்தை நிலத்தில் ஊன்றி நாற்காலியை நிறுத்தவோ திருப்பவோ கூடாது.

ஆட்ட நாற்காலியின் பெரிய சக்கரங்கள் மேலே குறுகி, கீழே அகன்று சாய்ந்திருக்கும். சட்டெனத் திரும்பும்போது கவிழாதிருக்க இந்தச் சாய்வு உதவும். பின்னால் சாயாதிருக்கச் சிறு சக்கரமொன்றும் உண்டு. இடுப்பைப் பட்டியால் இறுக்கிக் கட்டுவார்கள். மட்டையைப் பிடித்த கையாலேயே சக்கர வளையத்தையும் தள்ளவேண்டியிருப்பதால், புதிதாக வருபவருக்கு அடிப்பதைவிட அசைவதே கடினம். பந்தை அடித்ததும் நின்று பார்க்காமல், வளைந்து திரும்பி நடுப்பகுதிக்கு உருண்டுகொண்டே இருக்க வேண்டும். நின்ற நாற்காலியை மீண்டும் கிளப்புவதற்குள் பந்து கடந்துவிடும்.

இலங்கையில்

2000களின் தொடக்கத்தில் இலங்கை டென்னிஸ் சங்கத்தின் ஆதரவில் இங்கு பயிற்சி வேரூன்றியது. முதல் தலைமுறை ஆட்டக்காரர்களில் பலர் உள்நாட்டுப் போரில் கால் இழந்த இராணுவத்தினர். கொழும்பில் சர்வதேசத் தரவரிசைப் போட்டிகளும் நடந்துள்ளன. 2021இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் சுரேஷ் தர்மசேன இலங்கைக்காக ஆடினார். சட்ட அடிப்படையாக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது.

மன்னார்ச் சூழல்

மன்னார்த் தீவும் எதிரே உள்ள பெருநிலக் கரையும் போரின் நேரடிப் பாதிப்புக்கு உள்ளானவை. கண்ணிவெடி, எறிகணை ஆகியவற்றுடன் பனையிலிருந்து விழுதல், வீதி விபத்து, நீரிழிவு என்பனவும் வட மாகாணத்தில் கால் இழப்புக்கும் முள்ளந்தண்டுப் பாதிப்புக்கும் காரணங்கள். 1987 முதல் இயங்கும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால் வழங்கி வருகிறது. செயற்கைக் காலுடன் நடப்பவரும் இவ்வாட்டத்துக்குத் தகுதியுடையவர் என்பது பலர் அறியாத செய்தி. அன்றாடம் சக்கர நாற்காலியில் வாழ்பவராக இருக்க வேண்டியதில்லை.

இங்கு முதல் தடை நிலம். தலைமன்னார், பேசாலைப் பக்கத்து மணலில் சக்கரம் புதையும். ஆகவே சீமெந்துத் தளம் வேண்டும். பாடசாலையின் வலைப்பந்துத் திடல் சீமெந்தால் ஆனதாயின் தொடக்கப் பயிற்சிக்குப் போதும். 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்ட அதில், அழுத்தம் குறைந்த மென்பந்தையும் தாழ்ந்த வலையையும் வைத்துச் சிறிய திடல் வரையலாம்.

அடுத்தது காற்று. 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாட் திறன் கொண்ட ‘தம்பபவனி’ மின்நிலையம் தீவின் தென்கரையில் நிற்பதே காற்றின் வேகத்துக்குச் சான்று. சோளகம் வீசும் மாதங்களில் பயிற்சிக்கு உகந்தது அதிகாலை. உப்புக் காற்றில் சக்கரத்தின் பேரிங் துருப்பிடிக்கும் என்பதால் துடைத்து எண்ணெயிடுவதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். மூன்றாவது தடை தூரம்: கொழும்புக்கு வீதி வழியே ஏறத்தாழ 300 கிலோமீற்றர். 2015இல் தலைமன்னார் ரயில் பாதை மீண்டும் திறக்கப்பட்டாலும், நாற்காலியுடன் செய்யும் பயணம் இலகுவல்ல. இதனாலேயே பிரதேச மட்டத்துப் பயிற்சி முக்கியமாகிறது.

சேரும் வழி

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரும் விளையாட்டு உத்தியோகத்தரும் முதலில் அணுகத்தக்கவர்கள். பயிற்றுநர், போட்டி பற்றிய தகவலுக்கு இலங்கை டென்னிஸ் சங்கத்தை நாடலாம். முள்ளந்தண்டுப் பாதிப்புள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதல் பெறுவது அவசியம்: அழுத்தப் புண்ணும் வெயிலில் உடற்சூடு ஏறுவதும் அவர்களுக்கு ஆபத்தானவை. சர்வதேசப் போட்டிக்குச் செல்பவர் தகுதிப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும்.

ஊரில் இன்னொரு நாற்காலி ஆட்டக்காரர் இல்லை என்பது தடையல்ல. நடப்பவருடன் நாற்காலியில் இருப்பவர் ஆட விதி இடமளிக்கிறது: நடப்பவருக்கு ஒரு துள்ளல், நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டு. ஆட்டம் தொடங்க ஒரு நாற்காலி போதும்.