மண்ணீரல் மேல் விழுந்த பழி

"பிளேட்லெட் ஐம்பதாயிரம்தான் இருக்காம். மண்ணீரலை எடுத்துட்டா சரியாயிடுமா?"

கல்லீரலில் கட்டி, கூடவே வீங்கிய மண்ணீரல் என்று ரிப்போர்ட் வந்தால், ஊரிலிருந்து போனில் முதலில் வரும் கேள்வி இதுதான். நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த வங்கிக்காரன். ஆனால் இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறதே!

இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகர டாக்டர் குய்டோ பான்ட்டி, 1880-90களில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மண்ணீரல்தான் குற்றவாளி, அதனால்தான் கல்லீரலும் கெடுகிறது என்று தீர்ப்பு எழுதினார். வெட்டி எடுக்கவும் சொன்னார். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். கல்லீரல் இறுகிப்போனால் ரத்தம் உள்ளே போக வழியில்லாமல் பின்னால் தேங்கி, மண்ணீரல் வீங்குகிறது. சில்க் போர்டில் அடைத்துக்கொண்டால் ஓசூர் ரோடு முழுக்க வண்டி நிற்குமே, அதே கதை. (ஓசூர் ரோட்டைத் திட்டி என்ன பிரயோஜனம்?)

1966-ல் ரிச்சர்ட் ஆஸ்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். சாதாரணமாகவே பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்குகிறது; பெரிதாக வீங்கினால் 90 சதவீதம் வரை. எங்கள் பாஷையில் சொன்னால், பணம் தொலையவில்லை, வேறு கிளையில் முடங்கிக் கிடக்கிறது.

கல்லீரல் ஓரளவு நன்றாக இருப்பவர்களுக்கு, கட்டியையும் மண்ணீரலையும் ஒரே ஆபரேஷனில் எடுப்பதும் உண்டு. பிளேட்லெட் ஏறும். ஆனால் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். ஆயுசுக்கும் கிருமித்தொற்று பயம் இருக்கும், அதனால் முன்கூட்டியே தடுப்பூசி போடுவார்கள். சின்னக் கட்டி என்றால் ஊசி வழியாகச் சுட்டுவிடலாம். சிகிச்சைக்கு முன் பிளேட்லெட்டை ஏற்ற 2018-ல் அமெரிக்காவில் மாத்திரைகளுக்கே அனுமதி கிடைத்தது. எண்ணிக்கைக்காக மட்டும் மண்ணீரலை எடுப்பது எனக்கு அவசரக் காரியமாகத்தான் படுகிறது.

அடைப்பையே நீக்கும் வழி, கல்லீரல் மாற்று. 1967-ல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டார்ஸல், கல்லீரல் புற்றுநோய் வந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இதைச் செய்தார். ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தாள். பிறகு புற்றுநோய் திரும்பிவிட்டது. யாருக்குச் செய்யலாம் என்ற தெளிவு 1996-ல்தான் வந்தது. மிலான் நகரில் மஸ்ஸாஃபெரோ குழுவினர் ஒரு வரம்பு வைத்தார்கள்: ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். அவர்கள் சிகிச்சை செய்த 48 பேரில் நான்கு வருஷம் கழித்து உயிர்வாழ்ந்தோர் விகிதம் 75 சதவீதம்! புதுக் கல்லீரல் வந்ததும் அழுத்தம் இறங்கி, மண்ணீரலும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

நம் நாட்டில் 1994-ல் சட்டம் வந்தது. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் முதல் வெற்றி, அதுவும் நம்ம காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு! 20 மாதம் வயது, பிறவியிலேயே பித்தநாளக் கோளாறு. அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். பையன் வளர்ந்து டாக்டராகிவிட்டார்.

கொடுக்க வீட்டில் ஆள் இல்லையென்றால், இறந்தவரின் கல்லீரலுக்குப் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். "நாம தமிழ்நாடு, இங்கே பதிய முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு: அந்த மாநிலத்தில் குடியிருந்தால்தான் பதியலாம் என்ற நிபந்தனையை எடுத்துவிடும்படி 2023-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பதிவு செய்யப்போகும் ஆஸ்பத்திரியில், உறுப்பு ஒதுக்கும்போது யாருக்கு முன்னுரிமை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.