பட்டம் பல, தொட்டில் ஒன்று: பச்சிளங்குழந்தை மருத்துவப் பயிற்சிக்கான பொது அளவுகோல்

இந்தியாவில் பச்சிளங்குழந்தை நல மருத்துவராகப் பல வழிகள் உண்டு. பல்கலைக்கழகங்கள் தரும் மூன்றாண்டு டி.எம். ஒன்று, தேசியத் தேர்வு வாரியத்தின் மேற்படிப்பு இன்னொன்று, 1980இல் தோன்றிய தேசிய நியோனட்டாலஜி மன்றம் அங்கீகரித்த மையங்களில் பெறும் ஃபெலோஷிப் மற்றொன்று. இவற்றின் பாடத்திட்டங்களை இணைப்பதே பொதுத் தரத்தைப் பற்றிய பேச்சில் முதன்மை பெறுகிறது. தேவையான வேலைதான். ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுவன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புனே மாவட்டத்தின் மாவள் வட்டத்தில் உள்ள தளேகாவை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் தொழிற்பேட்டைகள், மறுபுறம் சஹ்யாத்ரி மலையடிக் கிராமங்கள். 1995இல் தொடங்கிய மிமர் மருத்துவக் கல்லூரியும் அதன் ஊரக மருத்துவமனையும் இங்கே இருக்கின்றன. இத்தகைய ஊர்களில் நள்ளிரவில் பிறக்கும் குறைமாதக் குழந்தையை முதலில் கையில் ஏந்துபவர் பெரும்பாலும் சிறப்புப் பட்டம் பெற்றவர் அல்லர். பணியிலிருக்கும் பயிற்சி மருத்துவர், முதுநிலை மாணவர், செவிலியர். இவர்களின் கைத்திறனை அளக்காத தரம் அந்தக் குழந்தைக்குப் பயன்படாது.

ஆக்சிஜனைப் பார்த்தாலே இது விளங்கும். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. மிகை ஆக்சிஜன் அவ்வளர்ச்சியைக் குலைக்கும். பின்னர் அவை தாறுமாறாகப் பெருகி விழித்திரையையே பிரித்துவிடக்கூடும். குறை ஆக்சிஜனோ உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு ரத்த ஆக்சிஜன் செறிவை 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். காற்றோடு கலக்கும் கருவி இல்லாமல் முழு ஆக்சிஜனைத் திறந்துவிடும் இடத்தில், ஓரளவு எடை கூடிய குழந்தைகளுக்கும் இந்த விழித்திரை நோய் வருகிறது. அமெரிக்காவில் 1500 கிராமும் அதற்குக் கீழும், அல்லது 30 வாரமும் அதற்குள்ளும் என்று கண் பரிசோதனைக்கு எல்லை வகுத்தார்கள். இங்கே 2000 கிராமுக்குக் கீழ், அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு அளவை அப்படியே பொதுத் தரமாக்கினால் நம் குழந்தைகளில் சிலர் பார்வையிழப்பார்கள். பொதுமை என்பது அளவுகோலில் இருக்கட்டும்; அதன் எண்கள் இம்மண்ணின் குழந்தைகளிடமிருந்து வரட்டும்.

உயர்ந்த தரம் கேட்டால் சிற்றூர் மருத்துவமனைகள் பின்தங்கிவிடும் என்ற மறுப்பு எழும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் அதற்கு விடை சொல்கிறது. மருத்துவர்களான அபய் பங், ராணி பங் இணையர் அங்கே கிராமப் பெண்களைப் பயிற்றுவித்து, வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கச் செய்தனர். இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999இல் 'லான்செட்' இதழில் பதிவுசெய்தனர். அப்பெண்களிடம் பட்டம் இல்லை. தெளிவான பணிப்பட்டியலும், செய்துகாட்டிப் பெற்ற பயிற்சியும், இடைவிடாத மேற்பார்வையும் இருந்தன. இவற்றை ஒரு மருத்துவரிடமும் கேட்பது மிகையாகுமா?

பிறந்தவுடன் மூச்சைத் தொடங்க ஏதேனும் உதவி தேவைப்படுவது ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு முதல் நிமிடத்தில் உடலைத் துடைத்துத் தூண்டுவதும், தேவைப்பட்டால் பையும் முகமூடியும் கொண்டு சரியாகக் காற்றூட்டுவதும் போதும். இதற்காகவே 2009இல் நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற இரண்டு நாள் பயிற்சி தொடங்கப்பட்டது. ஆனால் பயிற்சியில் வந்த கைப்பழக்கம் சில மாதங்களில் மங்கிவிடும். எனவே ஒருமுறை பெற்ற சான்றிதழைத் தகுதியாகக் கொள்ள முடியாது. மருத்துவரும் செவிலியரும் சேர்ந்தே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேறு கல்லூரியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்ட வேண்டும்.

2020 கணக்குப்படி இந்தியாவில் ஆயிரம் உயிர்ப் பிறப்புக்கு 20 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. 2014இல் வகுத்த தேசியத் திட்டம் 2030க்குள் அதை ஒற்றை இலக்கமாக்கச் சொல்கிறது. நாசிக்கில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகமும் சென்னையின் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் ஒரே மதிப்பீட்டுப் படிவத்தை ஏற்றால் நல்ல தொடக்கமாகும். அதில் ஒரு வரி இப்படி இருக்கட்டும்: ஆக்சிஜன் பெற்ற குறைமாதக் குழந்தை வீடு திரும்பும் சீட்டில், பிறந்து நான்கு வாரத்துக்குள் கண் பரிசோதனைக்கு வரவேண்டிய நாள், தாய் படிக்கும் மொழியில் எழுதப்பட்டிருக்கிறதா?