கார் ஏ.சி.க்கு கேஸ் அடிப்பது யார்? ஒரு சின்ன டப்பாவின் வரலாறு

கார் ஏ.சி.யில் குளிர்ச்சி குறைந்தால் நம் ஊரில் மெக்கானிக்கிடம் விட்டு 'கேஸ் அடிப்பது' வழக்கம். அமெரிக்காவில் கதையே வேறு. உதிரி பாகக் கடையில் ஒரு சின்ன டப்பா வாங்கி, வீட்டு வாசலிலேயே கேஸ் ஏற்றிக்கொள்பவர்கள் அங்கே ஏராளம். அந்த டப்பாவை யாருக்கு விற்கலாம் என்பது அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக சட்டப் பிரச்சினை!

ஆரம்பம்

அந்தக் காலத்து குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள்தான் இருந்தன. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஜெனரல் மோட்டார்ஸின் தாமஸ் மிட்ஜ்லி இதற்கு மாற்றாக ஃப்ரியான் என்ற வாயுவைக் கண்டுபிடித்தார். 1930-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீயும் பிடிக்காது! பின்னாளில் சாதாரண மனிதர் கையில் டப்பாவாக இது வந்ததற்குக் காரணமே இந்தக் குணம்தான். இதில் கார்களுக்குப் பயன்பட்ட வகையின் பெயர் ஆர்-12.

1940-ம் ஆண்டு மாடலில் பேக்கார்ட் நிறுவனம் காரில் ஏ.சி.யைக் கொண்டு வந்தது. அதை நிறுத்த வேண்டுமானால் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1960-களின் இறுதிக்குள் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏ.சி. வந்துவிட்டது.

கார் ஏ.சி.யில் மட்டும் ஏன் கேஸ் குறைகிறது? வீட்டு ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து மூடப்பட்டிருக்கும். கார் கம்ப்ரஸரையோ எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. எனவே அதன் தண்டு வெளியே வர ஒரு சீல் வேண்டும். எஞ்சின் அதிர்வதால் ரப்பர் குழாய்களும் வேண்டும். இவை வழியே கொஞ்சம் கொஞ்சமாக கேஸ் போய்க்கொண்டே இருக்கும். சுமார் 400 கிராம் ஆர்-12 அடைத்த டப்பாவுக்கு சந்தை உருவானது இப்படித்தான்.

சட்டம் வந்தது

1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர் இந்த வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985-ல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பது தெரிந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அமெரிக்கா 1990-ல் தன் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தியது. இனி கார் ஏ.சி.யில் வேலை செய்பவர் சான்றிதழ் பெற வேண்டும், பழைய கேஸைப் பிடித்து வைக்கும் இயந்திரம் வைத்திருக்க வேண்டும். ஆனால் இது யாருக்கு? 'மறுபயன்' பெற்று வேலை செய்பவருக்கு மட்டும்! வணிகச் சட்டப் பாடத்தில் வரும் அதே மறுபயன்தான். கூலி வாங்கினால் சான்றிதழ் வேண்டும். தன் காரைத் தானே பார்த்துக்கொண்டால் வேண்டாம். திறமையை வைத்து அல்ல, கூலியை வைத்துக் கோடு போட்டார்கள்.

அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு விதியும் வந்தது. 1992 நவம்பர் முதல் 20 பவுண்டுக்குக் குறைவான ஆர்-12 டப்பாக்களை சான்றிதழ் உள்ளவருக்கு மட்டுமே விற்கலாம். கூடவே வரியும் ஏறியது. 1990-ல் பவுண்டுக்கு 1.37 டாலர், 1995-ல் 5.35 டாலர். அந்த ஆண்டின் முடிவோடு உற்பத்தியும் நின்றது. விளைவு? மயாமி துறைமுகம் வழியாக ஆர்-12 கடத்தல்!

டப்பா திரும்பி வந்தது

1990-களின் முற்பகுதியில் புதுக் கார்களுக்கு ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைத் தொடாது. அதனால் சின்ன டப்பா தடையும் இதைத் தொடவில்லை! கடைகளில் டப்பாக்கள் மறுபடி அடுக்கப்பட்டன. வேண்டுமென்றே கேஸைக் காற்றில் விடுவது எல்லோருக்கும் குற்றம்தான். ஆனால் வீட்டு வாசலில் நின்று யார் பார்ப்பது?

ஆர்-134ஏ புவியைச் சூடாக்கும் வாயு. எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,430 மடங்கு. 340 கிராம் டப்பா ஒன்று முழுவதும் காற்றில் கலந்தால் ஏறக்குறைய 486 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 200 லிட்டர் பெட்ரோல் எரித்தது போல!

இரு பக்க நியாயம்

பட்டறை இயந்திரம் பழைய கேஸை இழுத்து, வேக்குவம் போட்டு, காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, கம்பெனி சொன்ன எடையை கிராம் கணக்கில் நிரப்பும். டப்பாவோடு வரும் மீட்டர் காட்டுவது ஒரு பக்க அழுத்தத்தை மட்டும்தான். அது வெளி வெப்பத்துக்கு ஏற்ப மாறும். உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதிகமாக ஏற்றினால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸரும் கெடும்.

ஆனால் பழைய கார் வைத்திருப்பவர் என்ன செய்வார்? கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் செலவு சில சமயம் கார் விலையோடு போட்டி போடும். அவருக்கு அந்த டப்பா ஒரு கோடைக்காலத்தை வாங்கித் தருகிறது. அதைப் பறிப்பது எளிது. ஆனால் நஷ்டம் ஏழைக்கு.

ஐரோப்பா 2007-ல் திரும்ப நிரப்ப முடியாத டப்பாக்களை விற்பதையே தடுத்தது. கலிஃபோர்னியா நடு வழியில் போனது. 2010 முதல் தானே மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம். டப்பாவுக்கு 10 டாலர் முன்பணம், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். 2018-ல் அந்த வால்வு நாடு முழுவதும் கட்டாயமானது. இப்போது புதுக் கார்களில் ஆர்-1234ஒய்எஃப் வாயு. சூடாக்கும் சக்தி மிகக் குறைவு, விலையோ மிக அதிகம். அதற்கும் டப்பா வந்துவிட்டது!

முடிவாக...

இந்த விதிகள் எல்லாம் யார் வாங்கலாம், டப்பாவில் மிச்சம் என்ன ஆகும் என்றுதான் கேட்டன. கார் குழாயில் இருக்கும் கசிவை யார் அடைப்பது, அந்தச் செலவை யார் ஏற்பது என்று எந்த டப்பா விதியும் கேட்கவில்லை. கசிவை அப்படியே விட்டுவிட்டு மேலே கேஸ் மட்டும் ஏற்றினால், ஏற்றுபவர் வீட்டுக்காரராக இருந்தால் என்ன, சான்றிதழ் பெற்ற மெக்கானிக்காக இருந்தால் என்ன? அடுத்த கோடைக்குள் அது வானத்துக்குத்தான் போகும். அந்தச் செலவுக்கு மட்டும் இன்றுவரை யாரும் பில் போடவில்லை.